காத்திருப்பின் கணக்கு

நோய் இன்னதென்று அறிதல் சிகிச்சைக்கு முதற்படியாகும். உடலைக் கீறாமலே உள்ளுறுப்புக்களைக் காணும் வல்லமை வைத்தியருக்குக் கிடைத்தது 1895ஆம் ஆண்டின் பின்னரேயாகும். அவ்வாண்டு நவம்பர் 8ஆந் திகதி ஜெர்மன் விஞ்ஞானி றோஞ்சன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். சில மாதங்களுக்குள்ளேயே ஐரோப்பிய வைத்தியசாலைகள் முறிந்த எலும்பைப் படம் பிடிக்கத் தொடங்கிவிட்டன. அதன்பின் முக்கால் நூற்றாண்டு கழிந்து, 1971ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி, இலண்டன் மாநகரின் விம்பிள்டன் பகுதியிலுள்ள ஒரு வைத்தியசாலையிலே, பொறியியலாளர் ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த சி.ரி. ஸ்கான் யந்திரம் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் எடுத்தது. அந்நாளில் பல நிமிடங்கள் எடுத்த அவ்வேலையை இன்றைய யந்திரம் சில விநாடிகளில் முடித்துவிடுகின்றது.

யந்திரத்தின் வேகம் இவ்வாறு பெருகியிருக்கவும், அதன் வாசலிலே காத்திருப்போரின் வரிசை குறைந்தபாடில்லை. செல்வம் மிக்க நாடுகளிலும், செல்வம் குறைந்த நாடுகளிலும் நிலைமை இதுவே. ஸ்கான் எடுக்கவேண்டுமென்று வைத்தியர் எழுதிக்கொடுத்த துண்டுடன் செல்பவருக்கு ஐந்து வாரம் கழித்து ஒரு திகதி கொடுக்கப்படுகின்றது. அத்திகதியில் காலை எட்டு மணிக்குச் சென்றால் படம் எடுக்கப்படுவது பிற்பகல் ஒரு மணிக்கு. யந்திரம் போதாது, ஆட்கள் போதாது என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதிலே உண்மை உண்டு. ஆனால் அதுவே முழு உண்மையன்று. இருக்கின்ற யந்திரத்தின் நேரத்தை எவ்வாறு பங்கிடுவது என்பதும் ஒரு சாஸ்திரம். அச்சாஸ்திரத்தை அறியாது நேரம் பங்கிடப்படும் இடத்தில், புதிய யந்திரம் ஒன்றை வாங்கி வைத்தாலும் வரிசை மீண்டும் நீண்டுவிடும்.

முதலிலே பிரித்தறிய வேண்டியது ஒன்றுண்டு. நோயாளியின் காத்திருப்பு இருவகைப்படும். திகதி கிடைத்த பின்னர் அந்த நாள் வரும்வரை வீட்டிலே காத்திருப்பது ஒன்று. இதனை நாட்காத்திருப்பு எனலாம். குறித்த நாளில் வைத்தியசாலைக்குச் சென்று வாங்கிலே அமர்ந்து காத்திருப்பது மற்றொன்று, இது வாசற்காத்திருப்பு. இரண்டும் ஒரே நோயின் இரு அறிகுறிகள் போலத் தோன்றினும், உண்மையில் இவை வெவ்வேறு காரணங்களால் விளைவன. ஒன்றுக்கான மருந்து மற்றதைத் தீர்க்காது. நாட்காத்திருப்பைக் குறைக்க எண்ணி ஒரே நாளில் மேலும் பத்துப் பேருக்குத் திகதி கொடுத்தால், வாசற்காத்திருப்பு வளர்ந்துவிடும்.

இவ்விரண்டினாலும் விளையும் கேடும் வேறுவேறாகும். நாட்காத்திருப்பிலே நோய் வளர்கின்றது. ஐயத்துக்குரிய கட்டி ஒன்று, வைத்தியசாலையின் பதிவேட்டைப் பார்த்துத் தன் வளர்ச்சியை நிறுத்திவைப்பதில்லை. வாசற்காத்திருப்பிலோ நோயாளியின் ஒரு நாள் வீணாகின்றது. அன்றாடக் கூலியில் வாழ்பவருக்கு அந்நாளின் வருவாய் போகின்றது. துணைக்கு வந்தவரின் வருவாயும் போகின்றது. வெறும் வயிற்றுடன் வரச் சொல்லப்பட்ட நீரிழிவு நோயாளி பிற்பகல்வரை உண்ணாதிருந்தால், பரிசோதனைக்கு வந்த இடத்திலேயே மயங்கி விழவுங் கூடும். இலங்கையைப் போன்று அரசாங்க வைத்தியசாலைகளிலே கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்கும் நாடுகளில், ஏழை மனிதர் சிகிச்சைக்குக் கொடுக்கும் விலை பெரும்பாலும் காலமே. அவ்விலையை எந்தக் கணக்கேடும் காட்டுவதில்லை.

வாசற்காத்திருப்பைக் கணித முறையால் முதன்முதலில் ஆராய்ந்தோருள் இங்கிலாந்தின் புள்ளிவிபரவியல் அறிஞர் நோர்மன் பெய்லி முக்கியமானவர். 1948ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அந்நாட்டின் தேசிய சுகாதார சேவை தொடங்கப்பட்டது. அதன் வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவுகளிலே கூட்டம் பெருமளவில் இருந்தது. பெய்லியும் அவருடன் பணியாற்றிய வெல்ச் என்பாரும் தம் ஆராய்ச்சியின் முடிவுகளை 1952ஆம் ஆண்டு லான்செற் என்னும் வைத்திய சஞ்சிகையில் வெளியிட்டனர். அந்நாளைய பல வைத்தியசாலைகளிலே, அன்று பார்க்கவேண்டிய நோயாளரிற் பலரை ஒரே நேரத்துக்கு வரச்சொல்லிவிடுவது வழக்கமாயிருந்தது. நிபுணரின் நேரம் விலையுயர்ந்தது. அவர் ஒரு நிமிடமேனும் சும்மா இருத்தலாகாது. ஆகவே அவருடைய வாசலில் எப்பொழுதும் ஆள் இருக்கவேண்டும் என்பது அவ்வழக்கத்தின் அடிப்படை. இன்று நிபுணரின் இடத்தில் விலையுயர்ந்த யந்திரம் நிற்கின்றது. எண்ணம் மாறவில்லை.

இதனை ஓர் எளிய உதாரணத்தாற் காட்டலாம். ஒரு ஸ்கான் அறைக்குக் காலையில் நால்வர் வருவதாகக் கொள்க. ஒருவருக்குச் சராசரி 20 நிமிடம் ஆகும். ஆனால் சராசரி என்பது சராசரியே. உண்மையில் முதலாமவருக்கு 12 நிமிடமும், இரண்டாமவருக்கு 30 நிமிடமும், மூன்றாமவருக்கு 15 நிமிடமும், நான்காமவருக்கு 23 நிமிடமும் ஆகின்றன. மொத்தம் 80 நிமிட வேலை.

நால்வரையும் எட்டு மணிக்கே வரச்சொன்னால், யந்திரம் ஓய்வின்றி இயங்கி 9.20க்கு வேலையை முடித்துவிடும். ஆனால் இரண்டாமவர் 12 நிமிடமும், மூன்றாமவர் 42 நிமிடமும், நான்காமவர் 57 நிமிடமும் காத்திருப்பர். நோயாளர் காத்திருந்த நேரம் மொத்தம் 111 நிமிடம்.

இதற்கு மாறாக, சராசரியைக் கொண்டு 8.00, 8.20, 8.40, 9.00 என ஒவ்வொருவருக்கும் தனித்தனி நேரம் கொடுத்தால் என்ன நிகழும்? முதலாமவர் 8.12க்கே முடித்து வெளியேறுவார். அடுத்தவர் 8.20க்கே வருவாராதலின் யந்திரம் 8 நிமிடம் சும்மா நிற்கும். இரண்டாமவரின் பரிசோதனை நீண்டு 8.50க்கு முடியும்; மூன்றாமவர் 10 நிமிடம் காத்திருப்பார்; நான்காமவர் 5 நிமிடம் காத்திருப்பார். வேலை 9.28க்கு முடியும். நோயாளரின் காத்திருப்பு மொத்தம் 15 நிமிடம். யந்திரம் இழந்தது 8 நிமிடம்.

பெய்லியும் வெல்ச்சும் கண்ட வழி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. தொடக்கத்தில் இருவரை வரச்செய்து, அதன்பின் சராசரி நேரத்துக்கு ஒருவராக வரவழைப்பதே அவ்வழி. மேற்சொன்ன நால்வரில் இருவரை 8 மணிக்கும், மூன்றாமவரை 8.20க்கும், நான்காமவரை 8.40க்கும் வரச்சொன்னால், யந்திரம் ஒரு நிமிடமும் சும்மா நில்லாது, வேலை 9.20க்கே முடியும். நோயாளரின் காத்திருப்போ 51 நிமிடம் மாத்திரமே. யந்திரத்துக்கு யாதொரு நட்டமுமின்றி, 111 நிமிடம் 51 ஆகக் குறைந்தது. இதற்குச் செலவானது துண்டிலே வேறு நேரத்தை எழுதிய மை மாத்திரமே.

இவ்வுதாரணத்தினுள்ளே ஓர் ஆழ்ந்த உண்மை பொதிந்திருக்கின்றது. தனித்தனி நேரம் கொடுக்கும் முறையில் முதலாமவர் 8 நிமிடம் முந்தி முடித்தார். ஆயினும் அந்த 8 நிமிடம் பின்வந்த எவருக்கும் பயன்படவில்லை. இரண்டாமவர் 10 நிமிடம் பிந்தினார். அப்பிந்துதல் மூன்றாமவரையும் நான்காமவரையும் தாக்கியது. முந்தி முடிவதால் வரும் மிச்சத்தைச் சேமிக்க முடியாது. பிந்தி முடிவதால் வரும் கடனோ அடுத்தவர் தலையில் ஏறுகின்றது. பரிசோதனை நேரங்கள் ஒன்றுக்கொன்று மாறுபடுந்தோறும் வரிசை வளர்வதற்குக் காரணம் இதுவே. ஆகவே வரிசையைக் குறைக்க விரும்புவோர் பரிசோதனையை வேகப்படுத்துவதற்கு முன், அதன் நேர வேறுபாட்டைக் குறைப்பதே அறிவுடைமையாகும்.

அவ்விருவரின் ஆராய்ச்சி வைத்தியருக்கும் ஓர் உண்மையை உணர்த்தியது. எவ்வளவு நுட்பமாக நேரம் வகுத்தாலும், வேலை தொடங்கவேண்டியவர் அரை மணி பிந்தி வந்தால் வகுத்தது முழுவதும் பாழாகும். காலையின் முதல் அரை மணி நேரம் நாள் முழுவதற்கும் உரியது. ஒன்பது மணிக்கு யந்திரத்தைச் சூடேற்றிச் சரிபார்ப்பது வழக்கமென்றால், முதல் நோயாளியை ஒன்பது மணிக்கு வரச்சொல்வது பொய்யான நேரத்தைக் கொடுப்பதாகும்.

யந்திரம் ஒருபோதும் சும்மா நில்லாதிருக்கவேண்டும் என்ற எண்ணத்தையும் இங்கே சோதித்தல் வேண்டும். டென்மார்க் நாட்டின் கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் பணியாற்றிய ஏர்லாங் என்னும் கணித அறிஞர் 1909ஆம் ஆண்டிலே தொலைபேசி அழைப்புக்களின் நெரிசலைப் பற்றிய ஒரு கட்டுரையை வெளியிட்டார். வரிசைகள் பற்றிய கணிதம் அவருடைய பணியிலிருந்தே கிளைத்தது. அக்கணிதம் கூறும் எளிய முடிவொன்று வருமாறு: வருவோர் ஒழுங்கின்றி வருகின்றனர், ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் ஒழுங்கின்றி மாறுகின்றது எனக் கொள்வோமானால், யந்திரம் தன் நேரத்தில் நூற்றுக்கு 80 பங்கு வேலை செய்யும்போது ஒருவர் காத்திருக்கும் சராசரி நேரம் ஒரு பரிசோதனை நேரத்தின் 4 மடங்காகும். 90 பங்கு வேலை செய்யும்போது அது 9 மடங்கு. 95 பங்காகும்போது 19 மடங்கு. பரிசோதனைக்கு 20 நிமிடம் எனில், காத்திருப்பு முறையே 80 நிமிடம், 3 மணி, ஆறு மணிக்கும் மேல். யந்திரத்திடமிருந்து கடைசிச் சில பங்குகளைக் கறந்தெடுக்க முயலும்போது, அதற்கான விலையை நோயாளர் பல மடங்காகக் கொடுக்கின்றனர்.

நேரம் குறித்து நோயாளரை அழைக்கும் இடத்தில் வருகை ஓரளவு ஒழுங்குபடுவதால் இவ்வளவு கொடுமை நேராது. ஆயினும் போக்கு அதுவே. நிரம்பி வழியும் பாத்திரத்தில் ஒரு துளியும் தாங்காது. நாள் முழுவதையும் விளிம்புவரை நிரப்பிய அட்டவணையும் அத்தகையதே. ஒரு குழந்தை படுக்கையில் அசைந்து மீண்டும் படமெடுக்க நேர்ந்தாற் போதும், மாலைவரை அதன் விளைவு நீளும். எனவே அட்டவணையில் ஆங்காங்கே விடப்படும் வெற்றிடம் வீணன்று. அது கடலோடி தன் கலத்தில் எடுத்துச் செல்லும் மிகைத் தண்ணீர் போன்றது.

படமெடுக்கும் பிரிவு, வைத்தியர் நோயாளியைப் பார்க்கும் சாதாரண அறையினின்றும் ஒரு முக்கிய விடயத்தில் வேறுபடுகின்றது. இங்கே முன்னாயத்தமே பெரும்பகுதி. வயிற்றை அல்ட்ராசவுண்ட் முறையிற் பார்ப்பதற்குச் சில மணி நேரம் உண்ணாதிருத்தல் வேண்டும். இடுப்புப் பகுதியைப் பார்ப்பதற்கோ நீர் அருந்திச் சிறுநீர்ப்பை நிறைந்திருத்தல் வேண்டும். சி.ரி. ஸ்கானுக்கு நாளத்தில் மருந்து ஏற்றுவதாயின், சிறுநீரகம் செவ்வனே இயங்குகின்றதா என்பதைப் பலருக்கு இரத்தப் பரிசோதனையால் முன்னரே அறிதல் வேண்டும். காந்தப்புலத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. யந்திரத்துக்குள் செல்வோரின் உடலிலே இதய இயக்கி முதலிய உலோகச் சாதனங்கள் உண்டா என விசாரித்தல் இன்றியமையாதது. இவற்றுள் ஒன்று தவறினாலும், குறித்த நேரத்திலே நோயாளி யந்திரத்தின் முன் நின்றும் பயனில்லை. அவரும் திரும்பிப் போகின்றார், அந்த நேரமும் போகின்றது.

ஆகவே, திகதி கொடுக்கும் மேசையே பரிசோதனையின் உண்மையான தொடக்கம். அங்கே அமர்ந்திருப்பவர் வெறும் எழுதுவினைஞர் அல்லர். நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்விகளை அப்பொழுதே கேட்டு, செய்யவேண்டியவற்றை அவருடைய தாய்மொழியில், பெரிய எழுத்தில், ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், பரிசோதனை நாளில் வரும் குழப்பத்திற் பெரும்பகுதி நீங்கும். அவ்வாறே, உடை மாற்றுதல், ஆபரணங்களைக் கழற்றுதல், நாளத்தில் ஊசிக் குழாயைப் பொருத்துதல் ஆகியவற்றை யந்திர அறைக்கு வெளியே ஓர் ஆயத்த அறையிற் செய்யலாம். சி.ரி. யந்திரம் சில விநாடிகளில் முடிக்கும் வேலைக்காக, நோயாளி சட்டைப் பொத்தான் கழற்றும்வரை அந்த விலையுயர்ந்த அறை காத்திருப்பது பொருந்தாது. யந்திரத்தின் நேரம் மிச்சப்படுவதோடு, ஒருவருக்கும் மற்றொருவருக்கும் உள்ள நேர வேறுபாடும் இதனாற் குறைகின்றது.

நேரந் தவறுவதன் கேடு மிகத் தெளிவாகப் புலப்படுவது பி.ஈ.ரி. என்னும் ஸ்கான் முறையிலேயாகும். இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது புளோரீன் 18 என்னும் கதிரியக்கப் பொருள் சேர்ந்த மருந்து. அப்பொருள் ஏறத்தாழ 110 நிமிடத்தில் தன் வலிமையிற் பாதியை இழந்துவிடும். காலை 10 மணிக்கென அளந்து வைத்த மருந்தில், நோயாளி 11.50க்கு வந்தால் பாதியே எஞ்சியிருக்கும். மருந்தேற்றிய பின்னரும் அது உடலிற் பரவுவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவர் அமைதியாக இருக்கவேண்டும். இங்கே கடிகாரம் மருந்தின் ஒரு பகுதியாகவே அமைந்துவிடுகின்றது. மற்றைய பரிசோதனைகளில் காலம் இவ்வாறு கண்முன்னே கரைவதில்லை. ஆயினும் அங்கும் அது கரைந்துகொண்டேயிருக்கின்றது.

எல்லாப் பரிசோதனைகளுக்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்குவதும் தவறு. நெஞ்சின் எக்ஸ்றே படம் சில நிமிடங்களில் முடியும். எம்.ஆர்.ஐ. பரிசோதனைகளில் சில 20 நிமிடத்திலும், சில ஒரு மணி நேரத்திலும் முடிவன. நடக்க இயலாத முதியவருக்கும், அஞ்சி அழும் குழந்தைக்கும், ஒடுங்கிய இடத்தைக் கண்டு கலங்குபவருக்கும் கூடிய நேரம் வேண்டும். ஆகவே பரிசோதனைகளைக் குறுகியவை, நடுத்தரமானவை, நீண்டவை என மூன்று நான்கு வகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான நேரத்தை வகுத்தல் நன்று. எந்த வகைக்கு எவ்வளவு நேரம் என்பதை ஊகத்தாலன்றி, சில வாரங்கள் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்த குறிப்பினால் அறிதல் வேண்டும். ஒரே வகைப் பரிசோதனைகளை அடுத்தடுத்து வைப்பதாலும் பயனுண்டு. முழங்காலைப் படமெடுப்பதற்கான எம்.ஆர்.ஐ. சாதனத்தைப் பொருத்திய பின், முழங்கால் நோயாளர் மூவரை ஒருங்கே பார்த்துவிட்டால், சாதனத்தை மாற்றும் வேலை இரண்டு முறை குறையும்.

எனினும் இப்பிரிவினை அளவுக்கு மீறலாகாது. திங்கள் காலை எலும்புப் பிரிவுக்கு, செவ்வாய் மாலை நரம்புப் பிரிவுக்கு, புதன் காலை குறித்த ஒரு நிபுணருக்கு என நேரத்தைத் துண்டு துண்டாக வேலியடைத்துவிட்டால், ஒவ்வொரு வேலிக்குள்ளும் ஒரு தனி வரிசை தோன்றும். ஒரு வாசலிலே பத்துப் பேர் காத்திருக்க, மற்றொரு வாசலிலே யந்திரம் ஆளின்றி நிற்கும். தபாற்கந்தோரில் ஒவ்வொரு யன்னலுக்கும் தனி வரிசை வைப்பதிலும், ஒரே வரிசையாக நிற்கவைத்து ஒழிந்த யன்னலுக்கு அடுத்தவரை அனுப்புவது மேலானது என்பதை யாவரும் அறிவர். படமெடுக்கும் நேரத்துக்கும் இது பொருந்தும். ஒதுக்கிய நேரம் சில நாட்களுக்கு முன்வரை நிரம்பாதிருந்தால், அது தானாகவே பொதுவுக்குத் திறந்துவிடப்படும் என்ற விதி இருப்பின், வேலியின் தீமை பெரிதுங் குறையும்.

அவசர நோயாளரின் வருகை அட்டவணையைக் குலைக்கின்றது என்பது மற்றொரு முறைப்பாடு. விபத்தில் தலை அடிபட்டவரையும், பக்கவாதத்தால் வீழ்ந்தவரையும் உடனே படமெடுத்தல் வேண்டும். அதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் அவசரம் என்பது எதிர்பாராதது என்று கூறுவது பாதி உண்மையே. அவசரமாக வருபவர் யார் என்பது எவருக்குந் தெரியாது. எத்தனை பேர் வருவர் என்பதோ பழைய பதிவேட்டைப் புரட்டினால் ஏறத்தாழத் தெரியும். நாளொன்றுக்கு நான்கு அல்லது ஐந்து பேர் வருவது வழக்கமாயின், அதற்கான நேரத்தைக் காலை ஒரு பகுதியும் பகல் ஒரு பகுதியுமாக விட்டுவைப்பதே முறை. வாட்டுக்களிலே தங்கியுள்ள நோயாளரையும் இதனோடு சேர்த்து எண்ணவேண்டும். ஒரு ஸ்கானுக்காக மூன்று நாள் வாட்டிலே காத்திருப்பவர், மூன்று நாட்களுக்கு மற்றொருவரின் கட்டிலையும் பிடித்துக்கொண்டிருக்கின்றார்.

இனி நாட்காத்திருப்பு. ஒரு வைத்தியசாலையில் நாளொன்றுக்கு 30 பேருக்கு ஸ்கான் வேண்டப்படுகின்றது. நாளொன்றுக்கு 30 பேருக்கே ஸ்கான் எடுக்கப்படுகின்றது. பதிவேட்டில் 900 பேர் காத்திருக்கின்றனர் எனக் கொள்க. புதிதாக வருபவர் 30 வேலை நாள் காத்திருப்பார். சென்ற ஆண்டும் 30 நாள். இவ்வாண்டும் 30 நாள். இதைக் காண்போர் யந்திரம் போதாதென்றே கூறுவர். உண்மை அதுவன்று. வரிசை நீளவுமில்லை, குறுகவுமில்லை என்றால், வருகின்ற வேலையை யந்திரம் அன்றன்றே ஈடுசெய்கின்றது என்பதே பொருள். அந்த 900 பேர் என்றோ ஒரு காலத்தில், யந்திரம் பழுதடைந்தபோதோ ஆட்கள் இல்லாதபோதோ சேர்ந்த பழைய கடன். வட்டி மட்டும் கட்டி முதலைத் தொடாத கடனாளியின் நிலை இது. 90 நாட்களுக்கு மாலையில் மேலும் 10 பேரைப் பார்த்தால் முதல் தீர்ந்துவிடும். அதன்பின், அன்றாட ஏற்றத்தாழ்வுக்கெனச் சிறிது வெற்றிடமும் விட்டுவைத்தால், பழைய 30 பேரளவு வேலையே வரிசையைக் குறுகியதாகவே வைத்திருக்கும்.

ஆனால் வேண்டப்படுவது 32 ஆகவும், எடுக்கப்படுவது 30 ஆகவும் இருந்தால் கதை வேறு. அங்கே நாளொன்றுக்கு இருவராக வரிசை நீளும். எத்தனை மாலைநேர முயற்சி செய்தாலும் சில மாதங்களில் பழைய நிலை திரும்பும். அங்கேதான் புதிய யந்திரமோ, கூடுதல் ஆட்களோ, தேவையற்ற பரிசோதனைகளை வேண்டாதிருக்கும் கட்டுப்பாடோ தேவைப்படும். எனவே மருந்து கொடுக்குமுன் நோயை அறிவதுபோல, வரிசை நீள்கின்றதா நிலைத்து நிற்கின்றதா என்பதை முதலில் அறிதல் வேண்டும். இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. வரிசை நிலைத்து நிற்பதற்குக் காரணம், காத்திருந்து சலித்தவர் பணங்கொடுத்து வெளியே படமெடுத்துக்கொள்வதாகவும் இருக்கலாம். சிலர் இறந்திருக்கவுங் கூடும். காத்திருப்போர் பட்டியலில் உள்ளோரை இடையிடையே விசாரித்து, இன்னும் தேவை உள்ளோர் யார் என உறுதிசெய்வது இதனாலேயே அவசியமாகின்றது.

குறித்த நாளில் வராதோரைப் பற்றிய முறைப்பாடும் எங்குங் கேட்கப்படுவதே. வராத ஒருவருக்காக யந்திரம் அரை மணி சும்மா நிற்கின்றது. அதே வேளையில் மற்றொருவர் அந்த அரை மணிக்காக வாரக்கணக்காகக் காத்திருக்கின்றார். பொறுப்பின்மையே இதற்குக் காரணமென்று நோயாளரைப் பழிப்பது எளிது. ஆனால் திகதி எவ்வளவு தூரமாகக் கொடுக்கப்படுகின்றதோ அவ்வளவுக்கு வராதோர் தொகை கூடுவது பல நாட்டு வைத்தியசாலைகளிலும் காணப்பட்ட உண்மை. இரண்டு மாதத்தின் பின்னுள்ள ஒரு நாளில் வயல்வேலை வருமா, பிள்ளைக்குக் காய்ச்சல் வருமா என்பதை இன்றே அறிபவர் எவர்? ஆகவே நீண்ட வரிசை, வராதோரை உண்டாக்குகின்றது. வராதோர் வரிசையை மேலும் நீட்டுகின்றனர். இரண்டு மூன்று நாட்களுக்கு முன்னர் கைத்தொலைபேசியில் ஒரு நினைவூட்டல் அனுப்புவதும், வர இயலாதவர் அதனை எளிதில் அறிவிக்க ஓர் இலக்கம் கொடுப்பதும், அவ்வாறு ஒழிந்த நேரத்துக்கு அண்மையில் வசிக்கும் ஒருவரை அழைப்பதற்கு ஒரு சிறு பட்டியல் வைத்திருப்பதும் நல்ல பயன் தரும். சிலர் வரமாட்டார் என்ற நம்பிக்கையில் கூடுதலானோரை அழைப்பதும் உண்டு. எல்லோரும் வந்துவிட்ட நாளில் அதன் தண்டனையை நோயாளரும் தாதியருமே அனுபவிப்பதால், இதனை மிகுந்த அளவோடு கையாளுதல் வேண்டும். தூர இடத்திலிருந்து பஸ்ஸில் வருபவருக்குக் காலை ஏழரை மணியைக் கொடாது பத்து மணிக்குப் பின்னர் நேரங் கொடுப்பது கருணை மாத்திரமன்று, கணக்குமாகும்.

எவரை முதலிற் பார்ப்பது என்ற கேள்வி கணிதத்துக்கு அப்பாற்பட்டது. முன்வந்தவருக்கே முன்னுரிமை என்பது நீதியாகத் தோன்றும். ஆனால் புற்றுநோய் என ஐயுறப்படுபவரையும், பல ஆண்டு பழகிய மூட்டுவலிக்காரரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது நீதியன்று. வேண்டுகோள்களைக் கதிரியல் வைத்தியர் ஒருவர் அன்றன்றே படித்து, உடனடியானவை, விரைவானவை, பொறுக்கக்கூடியவை என வகுத்தல் வேண்டும். அதேவேளை, பொறுக்கக்கூடியவை எனப்பட்டவர் என்றுமே பின்தள்ளப்பட்டு மறக்கப்படாதிருக்க ஓர் உச்ச எல்லையும் வேண்டும். இங்கிலாந்தின் சுகாதார சேவை இத்தகைய பரிசோதனைகளுக்கு 6 வாரம் என்னும் எல்லையை வகுத்தது. 2020ஆம் ஆண்டின் கொவிட் தொற்றுக்குப் பின்னர் அங்கு அவ்வெல்லையைக் கடந்து காத்திருப்போர் மிகப் பெருகினர்.

எல்லையை வகுப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு என்பதை அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டு நடந்த சம்பவம் உலகுக்குக் காட்டியது. முன்னாட் படைவீரருக்கான வைத்தியசாலைகளில் புதிய நோயாளர் 14 நாட்களுக்குள் வைத்தியரைக் காணவேண்டும் என்ற இலக்கு வைக்கப்பட்டிருந்தது. ஃபீனிக்ஸ் நகரத்து வைத்தியசாலையிலே 1,700 முன்னாள் வீரர்கள் உரிய பட்டியலிற் சேர்க்கப்படாமலே காத்திருந்தமை விசாரணையில் வெளிவந்தது. பதிவேட்டில் எண்கள் அழகாயிருந்தன. வாசலில் மனிதர் வாடினர். அமைச்சர் ஷின்செக்கி அவ்வாண்டு மே மாதத்திலே பதவி விலகினார். அது ஸ்கான் வரிசையன்று. எனினும் பாடம் ஒன்றே. உழைக்க வேண்டியது எண்ணைக் குறைப்பதற்கன்று, காத்திருப்பைக் குறைப்பதற்கே.

படம் எடுக்கப்பட்டவுடன் காத்திருப்பு முடிந்துவிடுவதுமில்லை. அப்படத்தைக் கதிரியல் வைத்தியர் ஆராய்ந்து தம் முடிவை எழுதி, அது நோயாளியின் வைத்தியரிடம் சென்று சேரும்வரை படம் வெறும் படமே. நாளொன்றுக்கு 40 படம் எடுத்து, 25ஐ மாத்திரம் வாசித்தால், வரிசை வாசலிலிருந்து அலுமாரிக்கு இடம்பெயர்ந்ததாகும். சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியளவே என்பதால், எங்கே நெரிசல் என்பதைக் காணாது யந்திரத்தை மட்டும் வேகப்படுத்துவது பயனற்றது.

இவையனைத்துக்கும் அடிப்படையாக வேண்டியவை ஒரு கடிகாரமும் ஒரு பதிவேடுமே. ஒவ்வொரு நோயாளிக்கும் ஆறு குறிப்புக்கள் போதும்: பரிசோதனை வேண்டப்பட்ட திகதி, குறிக்கப்பட்ட திகதியும் நேரமும், அவர் வந்த நேரம், பரிசோதனை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், முடிவு அனுப்பப்பட்ட திகதி. இவற்றை நேர்மையாகக் குறித்து, மாதம் ஒருமுறை கூட்டிப் பார்த்தால், நோய் நாட்காத்திருப்பா வாசற்காத்திருப்பா, காரணம் யந்திரமா, ஆயத்தமா, பிந்தித் தொடங்குவதா என்பது தானே வெளிப்படும். சராசரியோடு நின்றுவிடாமல், மிக நீண்ட காலம் காத்திருந்தவர் யார், ஏன் என்பதையும் கேட்டல் வேண்டும். சராசரியிலே ஒளிந்துகொள்பவர்கள் பெரும்பாலும் எடுத்துச் சொல்ல எவருமில்லாத ஏழைகளும் முதியவர்களுமே.

புதிய யந்திரம் வாங்குவதற்குக் கோடிக்கணக்கான பணமும் பல ஆண்டுகளும் வேண்டும். நேரத்தைச் செவ்வனே பங்கிடுவதற்கு வேண்டுவன கவனமும், நேர்மையும், நோயாளியின் ஒரு மணி நேரமும் வைத்தியசாலையின் ஒரு மணி நேரத்தைப் போலவே மதிப்புடையது என்னும் எண்ணமுமாகும். அவ்வெண்ணம் வேரூன்றிய வைத்தியசாலையிலே, நோயாளியின் கையிலிருக்கும் துண்டில் எழுதப்பட்ட நேரம், அவர் நம்பி வரத்தக்க ஒரு வாக்குறுதியாகிவிடும்.